மாதிரிப் பாடத்தில் மாணவன் எங்கே?

ஆசிரியர் வேலைக்கான நேர்காணல்களில் மாதிரிப் பாடம் என்றொரு சடங்கு உண்டு. தனியார் பள்ளிகளின் பேச்சு வழக்கில் அதற்கு 'டெமோ' என்று பெயர். விண்ணப்பித்தவர் கரும்பலகைக்கு முன் நின்று பத்து அல்லது பதினைந்து நிமிடம் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். எதிரில் தாளாளர், முதல்வர், மூத்த ஆசிரியர் என்று மூன்று நான்கு பேர் அமர்ந்திருப்பார்கள். அவர்களையே ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளாகப் பாவித்துக்கொள்ள வேண்டும் என்பது எழுதப்படாத விதி. நடத்த வேண்டியது ஆங்கிலப் பாடமாக இருந்துவிட்டால் அந்தப் பத்து நிமிடத்தின் கனம் இரு மடங்காகிவிடுகிறது. கற்பிக்கத் தெரியுமா என்பதோடு, ஆங்கிலம் நாவில் புரளுமா என்பதும் அதிலேயே அளக்கப்பட்டுவிடுகிறது.

இந்தச் சடங்கைப் பற்றி எங்கள் கருத்து சுருக்கமானது. இதில் எல்லாரும் இருக்கிறார்கள். மாணவன் மட்டும் இல்லை. அவன் இல்லாத அறைக்குள் அவனை எப்படிக் கொண்டுவருவது என்று யோசிப்பதே மாதிரிப் பாடத்துக்கான உண்மையான தயாரிப்பு. அதைச் செய்யாத பாடம் எவ்வளவு சரளமாக இருந்தாலும் சொற்பொழிவாகவே முடியும். இலக்கியம் பேசும் இடத்தில் இதையெல்லாம் எழுத வேண்டுமா என்று சிலர் கேட்கக்கூடும். ஒரு மொழி இன்னொரு மொழிக்காரரின் வாயில் எவ்வாறு முளைவிடுகிறது என்பது இலக்கியத்துக்கு வெளியே உள்ள விஷயம் என்று நாங்கள் கருதவில்லை.

பொதுவாகப் பேசுவதைவிட ஓர் ஊரை வைத்துப் பேசுவது நல்லது. உத்தமபாளையத்திலிருந்து கம்பம் செல்லும் சாலையில் இருக்கும் அனுமந்தன்பட்டியை எடுத்துக்கொள்வோம். 1895இல் திறக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையின் தண்ணீர் பாயும் பள்ளத்தாக்கு இது. கம்பம் பள்ளத்தாக்கில் இருபோக நெல் விளையும் நிலம் 14,707 ஏக்கர் என்பது அரசுக் கணக்கு. வயலை விட்டு மேட்டுக்கு ஏறினால் திராட்சைப் பந்தல்கள். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. விடியற்காலையில் கேரள மலைகளின் ஏலத்தோட்டங்களுக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் ஜீப்புகள் இந்தப் பள்ளத்தாக்கின் இன்னொரு அடையாளம்.

இப்படிப்பட்ட வீடுகளிலிருந்து ஒருவர் படித்து மேலே வருகிறார். பல வீடுகளில் அவரே முதல் பட்டதாரி. உத்தமபாளையத்தில் 1956இல் தொடங்கப்பட்ட ஹாஜி கருத்த ராவுத்தர் ஹவுதியா கல்லூரி போன்ற ஒன்றில் ஆங்கில இலக்கியம் படித்துப் பட்டம் பெறுகிறார். பிறகு பி.எட். முடிக்கிறார். ஷேக்ஸ்பியரையும் கீட்ஸையும் தேர்வுக்கு எழுதிக் கடந்த அவருக்கு, ஆங்கிலத்தில் பிறரோடு பேச வாய்த்த மணிநேரங்கள் மிகக் குறைவு. இப்போது ஒரு பள்ளியிலிருந்து அழைப்பு வருகிறது: அடுத்த வாரம் நேர்காணல், ஆங்கிலத்தில் ஒரு மாதிரிப் பாடத்தோடு வரவும். வேலை கிடைத்தால் வீட்டிலிருந்தே போய்வரலாம். கிடைக்காவிட்டால் மதுரைக்கோ சென்னைக்கோ கோவைக்கோ பெட்டியைத் தூக்க வேண்டும், அல்லது படித்த படிப்பை மறந்துவிட்டு வேறு வேலை பார்க்க வேண்டும். பத்து நிமிடத்தின் மேல் ஏற்றப்படும் பாரம் இவ்வளவு.

அந்த ஒரு வாரத்தில் பெரும்பாலோர் செய்வது என்ன? பாடநூலிலிருந்து ஒரு செய்யுளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அது அநேகமாக இங்கே எவரும் கண்டிராத ஒரு பூவைப் பற்றியோ பனி பொழியும் மாலையைப் பற்றியோ இருக்கும். கவிஞரின் வாழ்க்கைக் குறிப்பு, கடின சொற்களுக்குப் பொருள், மையக் கருத்து, அணிநயம் என்று ஓர் உரையைத் தயாரித்து மனப்பாடம் செய்கிறார்கள். வண்ண அட்டைகள் வெட்டுகிறார்கள். வணக்கம் சொல்வதிலிருந்து நன்றி சொல்வது வரை கண்ணாடி முன் ஒத்திகை பார்க்கிறார்கள். உழைப்பில் குறையில்லை. ஆனால் அந்த உழைப்பு முழுவதும் ஒரே கேள்வியைச் சுற்றி வருகிறது: நான் என்ன பேசப் போகிறேன்? பிள்ளை என்ன பேசப் போகிறது என்ற கேள்வி எழுவதேயில்லை.

இதற்கு அவர்களைக் குறை சொல்ல முடியாது. பயிற்சிக் கல்லூரிகள் கற்றுத்தரும் பாடத்திட்டக் குறிப்பேட்டைப் பார்த்தால் காரணம் விளங்கும். ஜெர்மானிய அறிஞர் ஹெர்பார்ட்டின் சீடர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வகுத்த படிநிலைகளின் வழி வந்த கட்டங்கள் அதில் இருக்கும். ஆசிரியர் செயல் என்று ஒரு பத்தி, மாணவர் செயல் என்று மறு பத்தி. முதல் பத்தி நிரம்பி வழியும். இரண்டாவது பத்தியில் 'கவனிக்கிறார்கள்', 'பதில் கூறுகிறார்கள்', 'குறிப்பேட்டில் எழுதுகிறார்கள்' என்ற மூன்று தொடர்கள் மாறி மாறி வரும். என்ன பதில் கூறுகிறார்கள், எந்த இடத்தில் தவறுவார்கள், தவறினால் அடுத்து என்ன செய்வது என்பது எங்கும் இராது. 1960களில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உருவான நுண்ணிலைக் கற்பித்தல் நம் பி.எட். வகுப்புகளில் ஒரு சம்பிரதாயமாக நடக்கிறது. அங்கும் மாணவர்களாக அமர்வது சக பயிற்சி ஆசிரியர்களே. ஆக, மாணவன் இல்லாத வகுப்பறைக்கு நம் ஆசிரியர்கள் வேலைக்குப் போகுமுன்பே பழக்கப்பட்டுவிடுகிறார்கள்.

பாடம் சொல்பவரைப் பெரியவர்கள் முன் நிறுத்திச் சோதிப்பது புதிய வழக்கமன்று. தமிழ் வாசகர்கள் நன்கறிந்த உதாரணம் உ.வே. சாமிநாதையர். 1880இல் தியாகராச செட்டியார் ஓய்வுபெறும்போது கும்பகோணம் கல்லூரியில் தம் இடத்துக்குச் சாமிநாதையரைப் பரிந்துரைத்தார். அந்த இளைஞர் கல்லூரி ஆசிரியர்கள் முன்னிலையில் பாடல்களைச் சொல்லி, பொருள் விளக்கி, தம் தகுதியை நிறுவ வேண்டியிருந்தது. ஆனால் 'என் சரித்திரம்' படித்தவர்கள் இன்னொன்றையும் நினைவுகூர்வார்கள். பெரியவர்களின் சோதனையோடு விஷயம் முடிந்துவிடவில்லை. கல்லூரியில் முதல் நாள் அனுபவத்தை அவர் தனியாக விவரிக்கிறார். புலமையை அளக்கும் பரீட்சை ஒன்று. மாணவர்கள் நடத்தும் பரீட்சை வேறொன்று. இன்றைய மாதிரிப் பாடம் முதலாவதை மட்டும் நடத்திவிட்டு இரண்டாவதையும் நடத்தியதாகக் கணக்கு எழுதிக்கொள்கிறது.

நம் மண்ணிலேயே மாணவனை நடுவில் வைத்த முயற்சிகள் இருந்திருக்கின்றன. சென்னை எழும்பூரில் இருந்த ஆண்கள் அனாதை விடுதிப் பள்ளியின் பொறுப்பை 1789இல் ஏற்ற ஆண்ட்ரூ பெல், இங்குள்ள ஒரு நாட்டுப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டார். அதைத் தம் பள்ளியில் செய்யச் சொன்னபோது ஆசிரியர்கள் ஒத்துழைக்கவில்லை. ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுச் சிறுவனிடம் அந்த வேலையை ஒப்படைத்தார். சிறுவன் செய்து காட்டினான். பிள்ளைகளே பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் முறை 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் இங்கிலாந்துக்குப் போயிற்று. நம் திண்ணைப் பள்ளிகளின் சட்டாம்பிள்ளை கப்பலேறிய கதை இது. அம்முறையில் குறைகள் பல உண்டு. ஆனால் பிள்ளை வாய்திறக்காமல் கல்வி இல்லை என்பதை அது அறிந்திருந்தது.

அடுத்த முயற்சி எதிர்த்திசையில் நமக்குப் பாடமாகிறது. 1959இல் அன்றைய சென்னை மாநிலத்தில் ஆங்கிலம் தொடங்கும் வகுப்புகளின் ஆசிரியர்கள் சுமார் 27,000 பேருக்கு மறுபயிற்சி அளிக்க ஒரு பெரிய இயக்கம் தொடங்கப்பட்டது. முதலில் சிலருக்குப் பயிற்சி. அவர்கள் வேறு பலருக்கு. அந்தப் பலர் இன்னும் பலருக்கு. பனியே விழாத ஊரில் இதற்கு 'மெட்ராஸ் ஸ்னோபால்', அதாவது மெட்ராஸ் பனிப்பந்து என்று பெயர் வைத்தார்கள். வாக்கிய அமைப்புகளை எளியதிலிருந்து கடினத்துக்கு வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றாகத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பழக்குவது அதன் அடிப்படை. நோக்கம் நல்லது, திட்டமும் ஒழுங்கானது. ஆனால் ஒரு முறையைப் பார்த்துப் பழகியவர் அதை அடுத்தவருக்குக் காட்ட, அவர் அடுத்தவருக்குக் காட்ட, கடைசிப் படியில் சடங்கு மட்டுமே போய்ச் சேரும் அபாயம் இத்தகைய திட்டங்கள் எல்லாவற்றிலும் உண்டு. இன்றைய 'டெமோ'வில் நாம் காணும் மனப்பாட நளினம் அந்தக் கடைசிப் படியின் சாயல்தான்.

அந்த அமைப்புவழிக் கற்பித்தலின்மீது எழுந்த ஐயத்திலிருந்துதான் என்.எஸ். பிரபுவின் முயற்சி பிறந்தது. அவர் அப்போது சென்னையில் பிரிட்டிஷ் கவுன்சிலில் பணியாற்றியவர். 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை, கடலூர் ஆகிய ஊர்களின் சாதாரணப் பள்ளிகளில் அந்த முயற்சி நடந்தது. இலக்கணத்தை வரிசையாகச் சொல்லித்தராமல், பிள்ளைகளுக்கு ஒரு வேலையைக் கொடுப்பது. ரயில் கால அட்டவணையைப் பார்த்துப் பயணத்தைத் தீர்மானிப்பது, வரைபடத்தில் வழி கண்டுபிடிப்பது போன்ற வேலைகள். முதலில் ஆசிரியர் வகுப்போடு சேர்ந்து ஒன்றைச் செய்து காட்டுவார். பிறகு அதே போன்ற இன்னொன்றைப் பிள்ளைகள் தாமே செய்ய வேண்டும். மனம் வேலையில் இருக்கும்போது மொழி தானாக உள்ளே இறங்கும் என்பது பிரபுவின் நம்பிக்கை. 1987இல் நூலாக வந்த இம்முயற்சி உலகெங்கும் விவாதிக்கப்பட்டது. இன்று மேலைநாட்டுப் பயிற்சி நூல்கள் பேசும் 'செயற்பணிவழிக் கற்பித்தல்' என்ற கருத்தின் வேர்களில் ஒன்று நம் கடலூரில் இருக்கிறது என்பதைக் கடலூரிலேயே எத்தனை பேர் அறிவர்!

பிரபுவிடமிருந்து நாங்கள் எடுத்துக்கொள்ள விரும்புவது இரண்டு விஷயங்கள். ஒன்று, ஒரு வேலை வகுப்புக்குப் பொருத்தமானதா என்று அறிய அவர் வைத்த அளவுகோல்: வகுப்பில் பாதிப் பேராவது அந்த வேலையில் பாதியையாவது சரியாகச் செய்ய முடிய வேண்டும். ஆசிரியரின் உச்சரிப்பையோ அட்டைகளின் வண்ணத்தையோ அல்ல, பிள்ளை செய்ததை எண்ணிப் பார்க்கும் அளவுகோல் இது. மற்றொன்று, 1990இல் அவர் எழுதிய கட்டுரை ஒன்றின் வாதம். எல்லாருக்கும் எல்லா இடத்துக்கும் ஏற்ற மிகச் சிறந்த முறை என்று ஒன்று கிடையாது. தாம் செய்வது எவ்வாறு கற்றலை உண்டாக்குகிறது என்று ஆசிரியருக்கே ஒரு தெளிவும் நம்பிக்கையும் இருக்க வேண்டும். அது இல்லாமல் செய்யும்போது எந்த முறையும் இயந்திரமாகிவிடும். நேர்காணலில் பார்க்க வேண்டியது இந்தத் தெளிவைத்தான்.

சரி, அனுமந்தன்பட்டிக்குத் திரும்புவோம். ஐந்தாம் வகுப்பு. பத்து நிமிடம். 'ஹவ் மெனி', 'ஹவ் மச்' என்ற இரண்டு வினாக்களை எடுத்துக்கொள்ளலாம். எண்ணக்கூடிய பெயர், எண்ண முடியாத பெயர் என்று வரையறை சொல்லித் தொடங்குவது வழக்கம். அது தேவையே இல்லை. ஏனெனில் தமிழ்ப் பிள்ளைக்கு இந்த வேறுபாடு ஏற்கெனவே தெரியும். எத்தனை பெட்டி, எவ்வளவு தண்ணீர். எத்தனை ஆடு, எவ்வளவு பால். பலகையில் இரண்டு கோடுகள் இழுத்து, ஒன்றின் தலையில் 'எத்தனை', மற்றொன்றின் தலையில் 'எவ்வளவு' என்று எழுதி, வீட்டிலும் தோட்டத்திலும் உள்ள பொருள்களைச் சொல்லச் சொன்னால், இரண்டே நிமிடத்தில் பிள்ளைகள் இருபது சொற்களைச் சரியான பக்கத்தில் வைத்துவிடுவார்கள். பேச்சில் 'எவ்வளவு பேர்' என்றும் சொல்கிறோமே என்று ஒரு பிள்ளை கேட்டால் அது இன்னும் நல்லது. அந்தப் பிள்ளை தன் மொழியைக் கவனிக்கத் தொடங்கிவிட்டது. ஆங்கிலம் இந்த இடத்தில் தமிழ்ப் பேச்சைவிடக் கண்டிப்பானது என்று மட்டும் சொன்னால் போதும். பிறகு தலைப்புகளை அழித்துவிட்டு அங்கே ஆங்கில வினாக்களை எழுதலாம்.

அடுத்து வேலை. ஒரு திராட்சைத் தோட்டத்தின் ஒரு நாள் கணக்கு. பறிக்க வந்த ஆட்கள், நிறைந்த பெட்டிகள், மருந்து கலக்க எடுத்த தண்ணீர், மதியத்துக்கு வடித்த சோறு, கொடுத்த கூலி. வகுப்பில் பாதிப் பேருக்குக் கொடுக்கும் சீட்டில் சில எண்கள் விடுபட்டிருக்கும். மற்றப் பாதிப் பேரின் சீட்டில் அந்த எண்கள் இருக்கும். கேட்காமல் கணக்கு முடியாது, கேட்பது ஆங்கிலத்தில். முதல் இரண்டு வினாக்களை ஆசிரியர் வகுப்போடு சேர்ந்து கேட்டுக் காட்டுகிறார். மீதியைப் பிள்ளைகள் தம்முள் கேட்டுக்கொள்கிறார்கள். ஐந்து நிமிடம் வகுப்பில் இரைச்சல் இருக்கும். ஆங்கிலப் பாடத்தில் நாம் விரும்ப வேண்டியது அந்த இரைச்சலைத்தான்.

இங்கே பிள்ளைகள் எந்த இடத்தில் இடறுவார்கள் என்பது முன்கூட்டியே தெரிந்ததுதான். 'ஹவ் மெனி பாக்ஸ்' என்பார்கள். காரணம் சோம்பலன்று. தமிழில் 'பத்துப் பெட்டி' என்பதே இயல்பு; அஃறிணைப் பெயருக்குக் 'கள்' விகுதி கட்டாயமில்லை என்பது தொல்காப்பியம் முதல் நம் இலக்கணம் அறிந்த செய்தி. பிள்ளை தன் தாய்மொழியின் நியாயத்தை ஆங்கிலத்துக்குள் கொண்டுபோகிறது. இதை அறிந்த ஆசிரியர் திட்டமாட்டார். 'பாக்ஸஸ்' என்று ஒருமுறை சொல்லி, அந்த ஒலியைப் பிள்ளையின் வாயில் வரவழைத்துவிட்டு மேலே போவார். அடுத்த இடறல் தண்ணீரில் வரும். தண்ணீருக்கு ஒரு வினா, குடத்துக்கு வேறு வினாவா? ஆம். தண்ணீரை எண்ண முடியாது, குடத்தை எண்ணலாம். எவ்வளவு தண்ணீர், எத்தனை குடம் என்று தமிழும் அப்படித்தானே கேட்கிறது என்று பிள்ளையே கண்டுபிடித்துவிட்டால் அந்தப் பாடம் அதன் உச்சத்தைத் தொட்டுவிட்டது. சோற்றுக்கு வரும்போது இன்னொரு வியப்பு காத்திருக்கிறது. நாம் அரிசி, சோறு என்று பிரித்துச் சொல்லும் இரண்டுக்கும் ஆங்கிலம் 'ரைஸ்' என்ற ஒரே சொல்லை வைத்திருக்கிறது. இருபோகம் விளையும் ஊரின் பிள்ளைக்கு இது வேடிக்கையாக இருக்கும். வேடிக்கை மறப்பதில்லை.

இதெல்லாம் பிள்ளைகள் இருந்தால் அல்லவா, நேர்காணல் அறையில் தாளாளரும் முதல்வரும்தானே இருக்கிறார்கள் என்று கேட்கலாம். அந்தச் சீட்டுகளை அவர்களிடமே கொடுக்கலாம் என்பது எங்கள் யோசனை. பவ்வியமாக, சிரித்த முகத்தோடு, 'ஐயா, இந்தச் சீட்டில் இல்லாததை அம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்' என்று சொல்லி, தாளாளர் முதல்வரைப் பார்த்து எத்தனை பெட்டி என்று ஆங்கிலத்தில் கேட்கும்படி செய்துவிட்டால், அந்த அறையில் முதன்முறையாக ஒரு வகுப்பு நடந்திருக்கும். அவர்கள் தவறின்றிக் கேட்பார்கள். அப்போது, 'இந்த இடத்தில் நம் பிள்ளைகள் இப்படித் தவறுவார்கள், அதற்கு நான் இதைச் செய்வேன்' என்று விண்ணப்பித்தவர் சொல்லலாம். இதற்காகப் பாடக்குறிப்பில் அந்த இரண்டாம் பத்தியை முதலில் எழுத வேண்டும். பிள்ளை சொல்லப்போகும் வாக்கியங்கள், பிள்ளை செய்யப்போகும் மூன்று தவறுகள், ஒவ்வொன்றுக்கும் தம் மறுமொழி. அது நிரம்பியபின் ஆசிரியர் பத்தியில் எழுத அதிகம் மிச்சமிராது. மிச்சமிராமல் இருப்பதே சிறப்பு.

ஆங்கில வகுப்பில் தமிழ்ச் சொல்லா என்ற எதிர்ப்பு வரும் என்று தெரியும். சில பள்ளிகளில் ஆசிரியரின் வாயிலிருந்து ஒரு தமிழ்ச் சொல் நழுவினாலே மதிப்பெண் போய்விடுகிறது என்று கேள்விப்படுகிறோம். இந்தத் தீண்டாமைக்குக் கல்வியியல் ஆதாரம் ஏதுமில்லை. டாக்காவில் கல்வி அதிகாரியாக இருந்து 1920களில் வங்காளப் பிள்ளைகளின் ஆங்கில வாசிப்பை ஆராய்ந்த மைக்கேல் வெஸ்ட் முதல், இருமொழிச் சூழலை ஒரு வளமாகக் கண்டவர்களின் வரிசை நீளமானது. பாடம் முழுதும் தமிழில் நடத்திவிட்டு அதை ஆங்கில வகுப்பு என்று சொல்வதை நாங்கள் ஆதரிக்கவில்லை. நம் பள்ளிகளின் பழைய நோய்களில் அதுவும் ஒன்று. பத்து நிமிடத்தில் இரண்டு நிமிடம் தமிழ் கதவைத் திறந்துவிட்டு விலகிக்கொள்ள வேண்டும். கதவே கூடாது என்றால் பிள்ளை வெளியேதான் நிற்கும்.

உச்சரிப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். பலகையில் பிழையாக எழுதுபவரையும், வாக்கியத்தை ஒழுங்காக அமைக்கத் தெரியாதவரையும் ஆங்கில ஆசிரியராக நியமிக்கச் சொல்லி நாங்கள் வாதாடவில்லை. பிள்ளையின் காதில் விழும் முதல் ஆங்கிலம் சரியான ஆங்கிலமாக இருக்க வேண்டும். ஆனால் சரி என்பது வேறு, சாயல் என்பது வேறு. 'ஸ்கூல்' என்பதற்கு முன்னால் ஓர் இகரம் ஒட்டிக்கொள்வது, மெய்யில் சொல் தொடங்காத ஒரு மொழியின் நாக்குப் பழக்கம். அதைப் பயிற்சியால் சீர்செய்துகொள்ளலாம், செய்துகொள்ளவும் வேண்டும். அதைக் கொண்டு ஒருவரின் ஊரையும் வீட்டையும் அளந்து ஒதுக்குவது கல்விப் பணியன்று. பெருநகரத்துக் கான்வென்ட் சாயலோடு பதினைந்து நிமிடம் பொழிந்துவிட்டுப் போகும் ஒருவர், ஏலத்தோட்டத்துக் கூலியிலிருந்து கட்டணம் கட்டும் ஒரு தாயின் பிள்ளையை ஒரு வாக்கியமும் பேசவைக்காமல் ஆண்டை முடித்துவிட முடியும். அந்தத் தாய்க்கு அது தெரியவும் வராது. ஆசிரியர் நன்றாக இங்கிலீஷ் பேசுகிறார் என்று மகிழ்ந்தே இருப்பார்.

பள்ளி நடத்துவோரின் தரப்பிலும் நியாயம் உண்டு. பெற்றோர் எதிர்பார்ப்பது காதில் விழும் ஆங்கிலம். 2012–13 முதல் அரசுப் பள்ளிகளிலேயே ஆங்கிலவழிப் பிரிவுகள் பெருகத் தொடங்கியபின், தனியார் பள்ளி ஒன்று தன்னை வேறுபடுத்திக் காட்ட வேண்டிய நெருக்கடி கூடியிருக்கிறது. நாற்பது விண்ணப்பங்கள் வந்திருக்க ஒரு நாளில் ஒருவரைத் தேர்ந்தாக வேண்டும் என்றால் பத்து நிமிடம் கேட்டுப் பார்ப்பதைத் தவிர வேறென்ன செய்வது? கேள்வி சரியானதே. ஆனால் காதில் விழ வேண்டியது யாருடைய ஆங்கிலம்? ஆண்டு விழாவில் ஆசிரியர் பேசும் ஆங்கிலத்தைவிட, வீட்டுத் திண்ணையில் பிள்ளை பேசும் ஆங்கிலமே பள்ளிக்கு நீடித்த விளம்பரம் என்பதைப் பள்ளி நடத்துவோர் எங்களைவிட நன்கறிவார்கள்.

அரசுத் தேர்வு முறை இதற்கு மறுகோடியில் நிற்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் தொடர்ச்சியாக ஆசிரியர் தகுதித் தேர்வு வந்தது. தமிழகத்தில் 2012 ஜூலையில் நடந்த முதல் தேர்வில் ஒரு சதவீதத்துக்கும் குறைவானவர்களே தேர்ச்சி பெற்றார்கள் என்பதைப் பலரும் மறந்திருக்க மாட்டார்கள். தகுதித் தேர்வுக்குப் பின் பணிநியமனத்துக்குத் தனியே ஒரு போட்டித் தேர்வு என்பது 2018இல் வந்த ஏற்பாடு. இரண்டும் எழுத்துத் தேர்வுகள். சிபாரிசுக்கும் பணத்துக்கும் இடந்தராத ஒரு பொதுமுறை வேண்டும் என்ற வகையில் அவற்றின் நியாயத்தை மறுப்பதற்கில்லை. ஆனால் ஒருவர் வகுப்பில் நிற்பதை எவருமே பார்க்காமல் அவரிடம் முப்பது ஆண்டுக்குப் பிள்ளைகளை ஒப்படைக்கிறோம். ஒரு பக்கம் வித்தையை மட்டும் பார்க்கிறார்கள். மறுபக்கம் மதிப்பெண்ணை மட்டும் பார்க்கிறார்கள்.

2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, வகுப்பறைச் செய்முறையோ நேர்காணலோ ஆசிரியர் நியமனத்தின் பகுதியாக வேண்டும் என்று சொல்கிறது. உள்ளூர் மொழியில் கற்பிக்கும் திறனையும் அதில் பார்க்க வேண்டும் என்கிறது. அக்கொள்கையின் பிற பகுதிகளைத் தமிழகம் எதிர்ப்பதற்கான காரணங்கள் வேறு விவாதம். இந்த ஒரு யோசனை மட்டும் யார் சொன்னாலும் பரிசீலிக்கத்தக்கது. ஆயின், இப்போதுள்ள 'டெமோ'வையே அரசும் பின்பற்றுமானால் தீமையே மிகும். தேர்வாளர்களின் ரசனைக்கு ஏற்ற நடிப்பைப் பயிற்றுவிக்கும் மையங்கள் தேனியிலும் முளைத்துவிடும்.

எனவே பள்ளிகளிடம் நாங்கள் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. மாதிரிப் பாடத்துக்கு உண்மையான பிள்ளைகள் பத்துப் பேரை அழைத்து உட்கார வையுங்கள். பாடம் நடக்கும் நேரத்தில் ஆசிரியரைப் பார்ப்பதைக் குறைத்துக்கொண்டு பிள்ளைகளைப் பாருங்கள். எத்தனை பிள்ளைகள் வாய்திறந்தார்கள், ஆளுக்கு எத்தனை வாக்கியம் என்று ஒரு தாளில் கோடு போடுங்கள். ஆசிரியர் வெளியே போனதும் கடைசி வரிசைப் பிள்ளை ஒன்றை அழைத்து, அன்று கற்ற ஒரு வினாவைக் கேட்கச் சொல்லுங்கள். இருபது நிமிடத்தில் முடிந்துவிடும். இதற்குச் செலவும் இல்லை, பயிற்சியும் வேண்டாம். விண்ணப்பிக்கும் இளைஞர்களிடம் கேட்பது இன்னும் எளியது. கண்ணாடி முன் ஒத்திகை பார்ப்பதை விட்டுவிட்டுத் தெருவில் விளையாடும் நான்கு பிள்ளைகளைக் கூப்பிட்டுப் பாடத்தை நடத்திப் பாருங்கள். எங்கே இடறுகிறது என்பதை அவர்கள் மூன்றாவது நிமிடத்தில் காட்டிவிடுவார்கள்.

ஆர்.கே. நாராயணின் 'தி இங்கிலீஷ் டீச்சர்' 1945இல் வெளிவந்த நாவல். கல்லூரியில் ஆங்கிலம் கற்பிக்கும் கிருஷ்ணன், மனப்பாடமாகப் பெரிய கவிகளை ஒப்பித்துக்கொண்டிருக்கும் அந்த வேலையில் மனம் ஒட்டாமல், முடிவில் அதை விட்டுவிட்டுச் சின்னஞ்சிறு பிள்ளைகளின் பள்ளிக்குப் போகிறான். வாசகர்கள் அதை ஒரு தனிமனிதனின் துயரக் கதையாகவே பெரும்பாலும் படிக்கிறார்கள். ஓர் ஆங்கில ஆசிரியர் ஆங்கிலத்தைவிடப் பிள்ளைகளை முதலில் வைக்கத் துணிந்த கதையாகவும் அதைப் படிக்கலாம். கம்பம் பள்ளத்தாக்கில் அடுத்த வார நேர்காணலுக்குத் தயாராகும் ஒருவர் வேலையை விடத் தேவையில்லை. பாடக்குறிப்பின் இரண்டாம் பத்தியை முதலில் எழுதினால் போதும்.